நாற்பதுக்குப் பிறகு ஒரு தொழில்

தொழில் மாறுகிறவனுக்குத் தமிழ் நாவலில் இடம் குறைவு. நமது கதாபாத்திரங்களில் அநேகம் பேர் ஒரு தொழிலோடு பிறந்து அதே தொழிலோடு மறைகிறார்கள். வாத்தியார் கடைசி வரையில் வாத்தியார். குமாஸ்தா பென்ஷன் வாங்கும் நாள் வரையில் குமாஸ்தா. வேலை போனால் கதை சோகமாக முடியும். வேலை கிடைத்தால் சுபமாக முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில், கையிலுள்ள உத்தியோகத்தைத் தானாகவே உதறிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் இன்னொரு தொழிலின் வாசலில் தன் மகன் வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்கிற மனிதன் ஒருவன் உண்டு. அவனை நம் நாவலாசிரியர்கள் இன்னும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

வாழ்க்கையில் அவன் அபூர்வமானவனல்ல. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், மாலை வேளையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்; அவன் பேச்சு காதில் விழும். நேரு வீதிக் கடை ஒன்றில் பதினைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவராக இருக்கலாம். தனியார் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவராக இருக்கலாம். மருந்துக் கம்பெனியின் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீடு டாக்டர் வீடாக ஏறி இறங்கியவராக இருக்கலாம். "சாப்ட்வேர் கற்றுக்கொண்டால் என்ன?" என்பதுதான் கேள்வி. கேட்கிற குரலில் பாதி ஆசை, பாதி வெட்கம். மகளுடைய கல்லூரிச் செலவு, வீட்டுக் கடன், சம்பளம் உயராமல் நின்றுபோன வருஷங்கள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கின்றன. தப்பாகப் பதில் சொன்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போய்விடும். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினால் ஒரு மனிதனுடைய மிச்ச வாழ்க்கை போய்விடும்.

இந்தக் கேள்வியை ஓர் இலக்கியக் கட்டுரையில் எடுத்துக்கொள்வது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தன் தொழிலைப் பற்றியும் பிறர் தொழிலைப் பற்றியும் ஒருவன் கொண்டிருக்கிற எண்ணங்களில் பாதிக்கு மேல் கதைகளிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தவை. கணக்குப்பிள்ளை ஒருவர் "சாப்ட்வேர்" என்று சொல்லும்போது அவர் மனசில் ஒரு சித்திரம் எழுகிறதே, அதை யார் வரைந்து கொடுத்தார்கள்? அந்தச் சித்திரம் சரியா என்று பார்ப்பது விமரிசகனுடைய வேலைதான்.

முதலில் சினிமாவைச் சொல்கிறேன். 2007-ல் ராம் இயக்கி வெளிவந்த 'கற்றது தமிழ்' படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். தமிழ் எம்.ஏ. படித்த பிரபாகர் சொற்பச் சம்பளத்துக்கு வாத்தியார் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டரைப் படித்தவர்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களும் வாங்குகிற சம்பளம் அவன் கண்ணை உறுத்துகிறது. அந்தக் கோபம் பொய்யானது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஒரு தலைமுறையின் மனக்குமுறல் இருக்கிறது. அதனால்தான் படம் இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் பேசப்படுகிறது. ஆனால் அந்தப் படம் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் கற்றவன். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கற்றவன். ஒருவன் தோற்றதால் மற்றவன் ஜெயித்தான் என்கிற மாதிரி ஒரு கணக்கு. கலை என்ற அளவில் படத்தின் வேகம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. சமூக விமரிசனம் என்ற அளவில் அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது.

நாவல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். இரா. முருகன் எழுதிய 'மூன்று விரல்', சாப்ட்வேர் உலகத்தைத் தமிழில் நாவலாக்கிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. நகராமல் நின்றுவிட்ட கம்ப்யூட்டரை உசுப்புவதற்கு மூன்று விரல்களால் மூன்று விசைகளை ஒரே சமயத்தில் அழுத்துவார்களே, அதிலிருந்து பிறந்த தலைப்பு. ஆசிரியர் வங்கித் தொழிலையும் கம்ப்யூட்டர் தொழிலையும் உள்ளிருந்து பார்த்தவர். ஆகவே அலுவலகத்தின் வாடை உண்மையாக வருகிறது. இரண்டாவது, விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை'. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியபோது, அந்த மண்ணில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள், கட்டடத்துக்குள் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று இரண்டு பக்கத்தையும் பார்க்கிற நாவல். இரண்டும் சிரத்தையோடு எழுதப்பட்டவை. ஆனாலும் இரண்டிலும் சாப்ட்வேர்க்காரன் என்று நம் மனசில் தங்குகிறவன் இளைஞன்தான். கல்லூரியிலிருந்து நேராக அந்தக் கட்டடத்துக்குள் போனவன். அவனுக்கு முன்தொழில் கிடையாது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வாசகன் மனசில் என்ன படிகிறது? சாப்ட்வேர் என்பது வாலிபர்களுடைய தொழில். அதற்குள் போகிறவன் பழைய வாழ்க்கையை அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பழைய படிப்பும் பழைய அனுபவமும் அங்கே செல்லாக்காசு. இந்த எண்ணத்தைத்தான் பயிற்சி வகுப்புக்காரர்களும் தங்கள் விளம்பரத்தில் அச்சடிக்கிறார்கள். 'ஆறே மாதத்தில் புதிய மனிதர் ஆகுங்கள்' என்கிற தோரணை. புதிய மனிதர் ஆக வேண்டுமானால் பழைய மனிதரைக் கைவிட வேண்டும் என்பது அதில் சொல்லாமல் சொல்லப்படுகிறது. எனக்கு ஆட்சேபணை இந்த இடத்தில்தான்.

தமிழும் கம்ப்யூட்டரும் சந்தித்த சரித்திரமே இதற்கு நேர்மாறான சாட்சி சொல்கிறது. நா. கோவிந்தசாமி என்று சிங்கப்பூரில் ஒருவர் இருந்தார். 1946-ல் பிறந்தவர். சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர், பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். இன்ஜினீயரிங் படித்தவரல்ல. பிரபாகரைப் போலவே அவரும் 'கற்றது தமிழ்' என்று சொல்லிக்கொள்ளக் கூடியவர். அவர் நடுவயதில் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினார். தமிழ் எழுத்துக்களைத் திரையில் கொண்டுவரும் 'கணியன்' என்கிற மென்பொருளுக்குப் பின்னால் அவர் இருந்தார். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றி, அந்நாட்டு ஜனாதிபதியைக் கொண்டு தொடங்கிவைத்தார்கள். அதில் தமிழ் இடம்பெற்றதற்கு அவர் உழைப்பு காரணம். அப்போது அவருக்கு வயது 49. 1997-ல் சிங்கப்பூரில் தமிழ் இணையத்துக்கென்று முதல் மாநாடு கூடியபோதும் அவர் முன்னின்றார். 1999 மே மாதத்தில் காலமானார்.

ஒரு தமிழ் வாத்தியார் அந்தத் தொழிலுக்குள் எதைக் கொண்டுபோனார் என்று பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி 'தமிழ்99' என்ற விசைப்பலகை முறை அமைந்தது. கோவிந்தசாமியைப் போன்ற பலர் அதற்கு முன்பு பல வருஷங்கள் விசைப்பலகையைப் பற்றி யோசித்ததன் பலன் அது. அதில் உயிரெழுத்துக்கள் இடது கைப் பக்கம். மெய்கள் வலது கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க வேண்டுமானால் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். 'பந்து' என்று அடிக்கும்போது நகரத்தை அடுத்துத் தகரம் வந்ததும், நகரத்தின் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். ஏன்? தமிழில் ந-வும் த-வும் இன எழுத்துக்கள். மெல்லினம் தன் வல்லினத்துக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் மெய்யாகத்தான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் நாம் தூங்கிக்கொண்டே கேட்ட இலக்கணப் பாடம் இது. அதை மெஷினுக்கு ஒரு விதியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம், புரோகிராம் மட்டும் தெரிந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்குச் சுலபத்தில் தோன்றாது. எழுத்ததிகாரத்தோடு வருஷக்கணக்கில் பழகிய மனசுக்குத்தான் தோன்றும்.

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் ரசாயன விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவைச் செய்தவர் அவர். 1998 பொங்கலன்று தொடங்கி, தமிழ் நூல்களைத் தொண்டர்களைக் கொண்டு இணையத்தில் ஏற்றிய 'மதுரைத் திட்ட'த்தை நடத்தியவரும் அவரே. தொழில் ரசாயனம், பற்று தமிழ், கருவி கம்ப்யூட்டர்.

"அவர்கள் யாரும் தங்கள் உத்தியோகத்தை விடவில்லையே" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே, உத்தியோகத்தை விட்டே போன ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற மாது வாஸர் கல்லூரியில் கணிதப் பேராசிரியையாக இருந்தார். 1943-ல், யுத்த காலத்தில், கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 37 வயது முடிந்திருந்தது. 1944-ல் ஹார்வர்டில் 'மார்க் 1' என்ற ராட்சதக் கணக்கு மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன்பு அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தவரல்ல. பார்த்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். பின்னாளில், வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் சாதாரண ஆங்கில வார்த்தைகளில் மெஷினுக்குக் கட்டளை எழுதலாம் என்று அவர் வாதாடினார். அது நடக்காது என்றவர்கள் பலர். அவர் விடவில்லை. அந்த வழியில் 1959-ல் வேலை தொடங்கப்பட்ட கோபால் என்கிற புரோகிராம் மொழி அநேக வங்கிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்பறையில் புரியாத முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவருக்குத்தான், மெஷினைவிட மனிதனுக்குப் புரிய வேண்டும் என்ற பிடிவாதம் வரும்.

இன்னும் ஒருவர், ஜப்பானில் மசாகோ வாகாமியா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைபேசி விளையாட்டுக்கள் எல்லாம் சிறுபிள்ளைகளின் விரல் வேகத்துக்கு ஏற்றபடியே இருக்கின்றன என்று கண்டு, தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, 2017-ல் 'ஹினாதான்' என்ற விளையாட்டை வெளியிட்டார். நம் ஊர் நவராத்திரிக் கொலுவைப்போல ஜப்பானிலும் பெண் குழந்தைகளுக்காகப் படிகட்டிப் பொம்மை வைக்கிற பண்டிகை ஒன்று உண்டு. அந்தப் பொம்மைகளை உரிய படியில் உரிய இடத்தில் வைக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. திரையில் விரலை இழுக்கத் தேவையில்லை, தொட்டாலே போதும். முதியவர்களின் விரல் இழுக்காது என்பது அவருக்குத் தெரியும். அப்போது அவருக்கு 80 வயது கடந்திருந்தது. அந்த விளையாட்டில் இருக்கிற சரக்கு புரோகிராம் வித்தையா, முதுமையின் அனுபவமா? இரண்டாவதுதான் பெரிது என்பேன்.

நம் நாட்டுக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த 'டாலி'யின் கதையும் இப்படித்தான். எஸ்.எஸ். கோயங்கா ஆலைகளுக்குச் சாமான்கள் சப்ளை செய்த வியாபாரி. தம் கணக்குக்கு ஒத்துவருகிற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவைக் கொண்டு எழுதச் செய்தார். 1986-ல் கம்பெனி பிறந்தது. புரோகிராம் மகனுடையது, ஆனால் பேரேடு எப்படி இருக்க வேண்டும் என்ற ஞானம் தகப்பனாருடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் சரக்கு கடைவீதியில் நின்றிருக்காது.

இவர்களெல்லாம் அபூர்வ மனிதர்கள், நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கிவிடலாம். அதனால் புதுச்சேரிக்கே திரும்பி வருகிறேன். இந்த ஊர் ஒட்டுமொத்தமாகவே ஒரு சமயம் தொழில் மாறிய ஊர். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சில் மனு எழுதி, பிரெஞ்சில் கோப்பு முடித்துப் பழகிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும், ஆங்கிலத்தில் இயங்குகிற ஒரு பெரிய அரசாங்கத்தின் ஓரத்தில் தாங்கள் நிற்பதைக் கண்டார்கள். சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் நரைத்த தலையோடு புதிய கோப்பு முறையைப் பழகிக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பிரெஞ்சு வீணாகிவிடவில்லை. வெள்ளையர் காலத்து நொத்தேர் பத்திரங்களைப் படித்து, எந்த மனை யாருக்குப் பாத்தியம் என்று சொல்லக் கூடியவனுக்குப் புதிய ஆட்சியிலும் மரியாதை இருந்தது, இன்றும் இருக்கிறது. பழைய பாஷையும் புதிய முறையும் ஒருசேரத் தெரிந்தவன்தான் அந்த மாற்றத்தில் நிமிர்ந்து நின்றவன்.

இந்த ஊருக்கு வயதான காலத்தில் வந்து தொழில் மாறியவர்களில் கி. ராஜநாராயணனைவிட நல்ல உதாரணம் கிடையாது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்து விவசாயி. கல்லூரிப் படி ஏறாதவர். முப்பது வயதுக்கு மேல்தான் கதை எழுதத் தொடங்கினார். கரிசல் காட்டுப் பேச்சைத் திரட்டி ஓர் அகராதியே செய்து 1982-ல் வெளியிட்டார். பட்டம் இல்லாத அந்த விவசாயியைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1989-ல் நாட்டுப்புறவியலுக்காக அழைத்துக்கொண்டது. அறுபத்தைந்தை ஒட்டிய வயதில் அவர் உத்தியோகஸ்தர் ஆனார். 1991-ல் சாகித்ய அகாடமி பரிசு வந்தது. 2021 மே மாதத்தில் இந்த ஊரிலேயே மறைந்தார். அவருடைய எழுத்தில் ஒரு விசேஷம் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகும் அவர் நடை பேராசிரியர் நடையாக மாறவில்லை. அங்கே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டதும் அவர் கொடுத்ததும் இடைசெவல்தான். அவர் பேராசிரியரைப்போல எழுத முயன்றிருந்தால் நமக்கு இன்னொரு சுமாரான பேராசிரியர் கிடைத்திருப்பார், ஒரு கி.ரா.வை இழந்திருப்போம்.

மில் தொழிலாளியின் விஷயம் இவ்வளவு சுலபமல்ல. 1898-ல் தொடங்கி, ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலை 2020-ல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்களைப் பார்த்து, "கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது லேசு. சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கம்ப்யூட்டரின் மூதாதையரில் ஒன்று தறிதான். பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அட்டையில் துளையிட்டு, எந்த இழை எழும்ப வேண்டும், எந்த இழை தங்க வேண்டும் என்று தறிக்குக் கட்டளை கொடுத்தார். துளை உண்டா, இல்லையா என்ற அந்த இரண்டே வார்த்தைகளில்தான் பிற்காலத்துத் துளை அட்டைகளும் பேசின. காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையில் கரைக்கும் முந்தானைக்கும் அட்டை குத்துகிறவன் தினமும் செய்வது ஒருவகைப் புரோகிராம்தான். நெசவுக்காரனிடம் 'உனக்குப் புதிதாக ஒன்று சொல்லித் தருகிறோம்' என்று ஆரம்பிக்காமல், 'உனக்குத் தெரிந்ததையே இன்னொரு மெஷினில் செய்து பார்' என்று ஆரம்பிக்கிற வாத்தியார் வந்தால் எவ்வளவோ நடக்கும். அப்படிப்பட்ட வாத்தியார்கள் மிகக் குறைவு.

இவ்வளவு சொன்னதால், நாற்பது வயதுக்காரர் ஒவ்வொருவரும் நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடர்ப்பாடுகள் உண்மையானவை. நம் நாட்டுப் பெரிய கம்பெனிகள் புதியவர்களை எடுப்பது பெரும்பாலும் கல்லூரி வாசலிலேயே. எந்த வருஷம் பட்டம் பெற்றாய் என்பது அங்கே முதல் கேள்வி. 2003 என்று பதில் சொல்கிறவருக்கு அந்த வாசல் திறக்காது. புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். குடும்பத்தை இங்கே வைத்துவிட்டு அங்கே அறை எடுத்துத் தங்கினால் கிடைக்கிற ஆரம்பச் சம்பளத்தில் பாதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும். வேலை நிச்சயம் என்று வாய்மொழியாகச் சொல்லிப் பெருந்தொகையைக் கட்டணமாக வாங்குகிற வகுப்புகளும் உண்டு. வேலை நிச்சயம் என்பதை எழுத்தில் கொடுக்கச் சொன்னால் அவர்கள் பேச்சு மாறிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. 2021-ல் 'கோபைலட்' வந்தது. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தது. சாதாரண வாக்கியத்தில் கேட்டால் மெஷினே புரோகிராம் எழுதித் தருகிறது. புதிதாகச் சேருகிற பையன்களுக்குக் கொடுத்துவந்த சில்லறை வேலைகளில் நல்ல பகுதியை அது செய்துவிடுகிறது. ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடிய வித்தை எதுவோ, அதுதான் முதலில் மலிவாகும். ஆறு மாத வகுப்பை நம்பிப் பதினைந்து வருஷத் தொழிலைத் தூக்கி எறிகிறவர், விலை ஏறுகிற சரக்கை விற்றுவிட்டு விலை இறங்குகிற சரக்கை வாங்குகிறார்.

ஆனால் இதே காரணத்தால் கணக்குப்பிள்ளையின் கை சிறிது ஓங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மெஷின் எழுதித் தந்த புரோகிராம் சரியா என்று யார் சொல்வது? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் ஒவ்வொரு கடையிலும் ஒரு தலைவலி உண்டு. சரக்கு விற்றவர் அரசாங்கத்துக்குக் காட்டிய பில்லும், வாங்கியவருடைய பேரேட்டில் ஏறிய பில்லும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் வரிச் சலுகை நிற்கும். பில் எண்ணில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கும். தேதி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். பைசாவை ஒருவர் முழுசாக்கியிருப்பார், இன்னொருவர் அப்படியே விட்டிருப்பார். இந்தத் திருகல்கள் எல்லாம் நேரு வீதிக் கணக்குப்பிள்ளைக்கு மனப்பாடம். 'பைத்தான்' என்ற மொழியில் நூறு வரி எழுதக் கற்றுக்கொண்டால், மாதக் கடைசியில் அவர் மூன்று ராத்திரி கண்விழித்துச் செய்கிற ஒப்பீட்டை ஐந்து நிமிஷத்தில் செய்யலாம். முதலில் தன் கடைக்குச் செய்வார். பிறகு பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். இங்கே தொடங்குகிறவரை எந்த வருஷம் பட்டம் பெற்றாய் என்று யாரும் கேட்பதில்லை.

கணித வாத்தியாருக்கும் இதே நியாயம்தான். பின்னங்களைக் கூட்டும்போது பிள்ளைகள் எத்தனை வகையாகத் தப்பு செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். எந்தத் தப்புக்குப் பின்னால் எந்தக் குழப்பம் இருக்கிறது என்பதும் தெரியும். பாடம் சொல்லித் தருகிற மென்பொருள்களை எழுதுகிறவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. படிப்பதற்குப் பணம் கொட்ட வேண்டும் என்பதும் இல்லை. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிற 'கணியம்' என்ற மின்னிதழ் 2012-லிருந்து வருகிறது, காசு கேட்பதில்லை. உத்தியோகத்தை விடாமல், ராத்திரி ஒரு மணி நேரம், தன் தொழிலிலேயே ஒரு முள்ளை எடுப்பதற்காகக் கற்றுக்கொள்கிறவருக்கு நஷ்டம் என்று ஒன்று கிடையாது. ஒரு வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு அலுக்கவில்லையானால், தொழில் மாறுகிற பேச்சை அப்போது எடுக்கலாம். சம்பளக் கவருக்காக மட்டும் கற்றவருக்கு மூன்றாம் மாதமே அலுத்துவிடும். அதைத் தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

இதையெல்லாம் நம் இலக்கியம் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். 'கற்றது தமிழ்' கிழித்த கோட்டை கோவிந்தசாமியின் வாழ்க்கை அழித்துவிடுகிறது. ஆனால் பிரபாகரைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், கோவிந்தசாமியைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர். கோபத்தைச் சித்திரிப்பது சுலபம். தொழிலைச் சித்திரிப்பது கஷ்டம். ஒரு மனிதன் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிற நேரம் நாடகத்தனம் இல்லாதது. தப்பு செய்வான், திருத்துவான், மறுபடி தப்பு செய்வான். வெளியே ஒன்றும் நடக்காது. ஆனால் உள்ளே எவ்வளவோ நடக்கும். மனைவி வெளிச்சத்தை அணைக்கச் சொல்வாள். பத்தாவது படிக்கிற மகள் அப்பாவுக்கு ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவாள். அப்பா என்கிற ஸ்தானம் ஒரு கணம் ஆட்டம் கண்டு பிறகு இன்னும் அழகாக நிலைகொள்ளும். நல்ல நாவலாசிரியனுக்கு இதைவிடச் சரக்கு வேண்டுமா?

அந்த நாவல் வரும்போது அதன் கதாநாயகன் ஜெயிக்க வேண்டும் என்றோ தோற்க வேண்டும் என்றோ எனக்கு அக்கறை இல்லை. அவன் கணக்குப்பிள்ளையாகவே புது வீட்டுக்குள் நுழைய வேண்டும், அது போதும். அந்த நாவல் வரும் வரையில், கடற்கரைச் சாலையில் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் பழைய பேரேட்டை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.